பிறழ் சாட்சியாகும் வாயு

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பலைக் காரணம் சொல்லித் தப்பித்துவிடலாம், ஆனால் வக்கீலிடம் அது எடுபடாது. வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தேன். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நிற்காதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். பதினோரு வருடமாக இழுக்கும் அந்தச் சொத்து வழக்கில் சாட்சி விசாரணை முடிந்ததா? புதிதாகச் சேர்ந்த ஜூனியர் கெட்டிக்காரி என்று எழுதியிருந்தாய். அவளை எப்படியாவது பிடித்து வைத்துக்கொள். வந்து சேரும் கெட்டிக்காரர்கள் தங்குவதில்லை, எங்கள் பக்கமும் இதே கதைதான்.

உன் கேள்வியை எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். “கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்றின் எடையைச் சொல்கிறீர்களே, இது எந்தக் கோர்ட்டில் நிற்கும்?” இத்தனை வருடத்தில் இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை.

நிற்கும். சாட்சி இருக்கிறது. கருந்துளையைச் சுற்றிவரும் வாயுதான் சாட்சி.

கருந்துளைக்குள் போனது வெளியே வராது, சரி. ஆனால் அதில் விழப்போகும் வாயு நேரே போய் விழுவதில்லை. வரும்போதே கொஞ்சம் பக்கவாட்டு ஓட்டத்தோடு வரும். நெருங்க நெருங்க அந்தச் சுழற்சி வேகமெடுக்கும், மையத்தைச் சுற்றி ஒரு வட்டாகப் படியும். அந்த வட்டில் உராய்ந்து, சூடாகி, ஒளிர்ந்து, மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். சூரியன் ஹைட்ரஜனை ஹீலியமாக்கும்போது எரிபொருளின் நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகிறது. வட்டு வழியாக இறங்கும் வாயுவிலிருந்தோ, துளை சுழலாமல் இருந்தாலே ஏறக்குறைய 6 சதவீதம் கிடைக்கும். உச்ச வேகத்தில் சுழன்றால் 40ஐத் தாண்டும். சில கேலக்ஸிகளின் நடுப்புள்ளி மட்டும், மீதி விண்மீன்கள் அத்தனையையும் சேர்த்தாலும் ஈடாகாத பிரகாசத்தோடு இருப்பது இதனால்தான். செயல்மிகு கேலக்ஸி என்று நாங்கள் சொல்வது இவற்றை. 1943இல் வானியலாளர் கார்ல் சீஃபர்ட் இப்படிப்பட்ட சிலவற்றின் நிறமாலையை, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பட்டையை, எடுத்துப் பார்த்தார். நடுவில் இருக்கும் வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது அதில் தெரிந்தது. அது எதைச் சுற்றி ஓடுகிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. கேலக்ஸிகளின் நடுவில் பெரும் கருந்துளை இருக்கலாம், அதைச் சுற்றி வாயு வட்டு இருக்கலாம் என்று டொனால்ட் லிண்டன்-பெல் கணக்குப் போட்டு எழுதியதே 1969இல்தான்.

இப்போது என்னுடைய முதல் சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறேன். என்ஜிசி 4258 என்ற கேலக்ஸி, சுமார் இரண்டரைக் கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அதன் மையத்து வட்டில் நீராவி உண்டு. அந்த நீர் மூலக்கூறுகள் 1.35 சென்டிமீட்டர் அலைநீளத்தில் லேசர் போல ஒரே குரலில் கத்துகின்றன. ரேடியோவில் இதற்கு மேசர் என்று பெயர். 1993இல் ஜப்பானில் நோபெயாமாவின் 45 மீட்டர் தொலைநோக்கியில் அகலமான பட்டையில் பார்த்தபோது, நடுவில் தெரிந்த கோடுகளுக்கு இரண்டு பக்கமும், நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில், இன்னும் இரண்டு கொத்துக் கோடுகள் கிடைத்தன. ஒரு கொத்து நம்மை நோக்கி வருகிறது, மற்றது விலகிப் போகிறது. அதாவது ஏதோ ஒன்று சுழல்கிறது. 1995இல் மியோஷியும் கூட இருந்தவர்களும், ஹவாயிலிருந்து வர்ஜின் தீவுகள் வரை பரவிக் கிடக்கும் பத்து ஆன்டெனாக்களை ஒன்றாக இணைத்துப் பார்த்து, ஒவ்வொரு மேசர் புள்ளியும் எங்கே இருக்கிறது என்று குறித்துவிட்டார்கள்.

உன்னிடம் பேனா இருந்தால் எடு. வட்டின் உள் ஓரத்துப் புள்ளிகள் நொடிக்கு 1080 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. அதைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கும் வெளி ஓரத்துப் புள்ளிகளின் வேகம் 770. கெப்ளர் சொன்ன விதிப்படி தூரம் இரட்டித்தால் வேகம் இரண்டின் வர்க்கமூலத்தால், அதாவது 1.41ஆல் வகுபட வேண்டும். 1080ஐ 1.41ஆல் வகுத்துப் பார். அவ்வளவுதான் மாலதி. சூரியனைச் சுற்றும் கிரகங்களுக்கு எழுதிய விதி, எங்கேயோ இருக்கும் ஒரு கேலக்ஸியின் வயிற்றுக்குள் அப்படியே பொருந்துகிறது. நடுவில் கனமான ஒரே ஒரு புள்ளி இருந்தால்தான் இப்படி வரும். எடை சுமார் 4 கோடி சூரியன். அந்த வேகத்தில் ஓடியும் உள் ஓரத்து வாயு ஒரு சுற்று முடிக்க 800 வருடம் ஆகிறது.

உடனே எதிர்த்தரப்பாக எழுந்து நிற்பாய்: ஏன் கருந்துளை? செத்துப்போன விண்மீன்களின் கூட்டமாக இருக்கக் கூடாதா? நம் சூரியனுக்கு அடுத்த விண்மீனே 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. இங்கே 4 கோடி சூரியனை அரை ஒளியாண்டுக்குள் அடைக்க வேண்டும். அப்படி ஒரு கூட்டம் ஒன்றையொன்று இடித்தும் எற்றியும் கேலக்ஸியின் வயதில் ஒரு சிறு பங்குக்குள்ளேயே சிதறிவிடும். ஆட்சேபணை தள்ளுபடி.

ஒன்று சொல்லட்டுமா, என்ஜிசி 4258 எங்களைக் கெடுத்துவிட்டது. அத்தனை சுத்தமான சாட்சி. வட்டு மெல்லியது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வளைந்தது, நமக்கு ஏறக்குறைய பக்கவாட்டில் நிற்கிறது. நடுக்கோடுகள் காட்டும் வேகம் ஒவ்வொரு வருடமும் நொடிக்கு 9 கிலோமீட்டர் வீதம் மாறுவதை வைத்துக் கேலக்ஸியின் தூரத்தைக்கூட நேராகக் கணக்கிட முடிந்தது. எல்லா இடத்திலும் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு தலைமுறையே நம்பியது, நான் உட்பட.

அப்புறம் வந்தது எம்87 என்ற கேலக்ஸி. அதன் மையத்தில் ஒரு வாயு வட்டு இருப்பதை 1994இல் ஹப்பிள் தொலைநோக்கி பார்த்தது. எடை 240 கோடி சூரியன் என்றார்கள். 2013இல் இன்னும் கவனமாக அதே வாயுவை அளந்தபோது 350 கோடி வந்தது. ஆனால் அதே மையத்தைச் சுற்றும் விண்மீன்களை விசாரித்தவர்கள் 660 கோடி என்றார்கள். இரண்டு சாட்சி, ஒரே சம்பவம், பாதிக்குப் பாதி வித்தியாசம். வருடக்கணக்கில் சண்டை. 2019 ஏப்ரல் 10ஆம் தேதி அந்தக் கருந்துளையின் நிழற்படம் வெளியானது, ஞாபகம் இருக்கிறதா, நீகூட “வடையை இருட்டில் படமெடுத்த மாதிரி இருக்கிறது” என்று எழுதியிருந்தாய். அந்த வளையத்தின் அளவிலிருந்து வந்த எடை 650 கோடி. விண்மீன்கள் சொன்னது சரி, வாயு பிறழ் சாட்சி ஆகிவிட்டது.

ஏன் பிறழ்கிறது என்றால், விண்மீனுக்கு ஈர்ப்பு ஒன்றுதான் எஜமான். வாயுவுக்குப் பல எஜமானர்கள். அழுத்தம் தள்ளும், மையத்து வெளிச்சம் ஊதித் தள்ளும், காந்தப்புலம் இழுக்கும், ஒரு அடுக்கு இன்னொன்றோடு மோதிக் கலங்கும். இத்தனைக்கும் இடையில் வாயு, ஈர்ப்பு கேட்கும் வேகத்தைவிட மெதுவாக ஓடலாம். நாம் அந்த வேகத்தை நம்பி எடை போட்டால் எடை குறைந்துதான் வரும். இது தவிர சாய்வு வேறு. நமக்குத் தெரிவது நம்மை நோக்கி வருவதும் போவதும் மட்டும். வட்டு 45 பாகை சாய்ந்திருக்கிறது என்று நீ நினைத்து, உண்மையில் அது 30 பாகையாக இருந்தால், எடை சரியாக இரட்டித்துவிடும். பார்ப்பதற்கு நீள்வட்டமாகத் தெரியும் ஒரு மங்கலான கறையை வைத்துக்கொண்டுதான் 45ஆ 30ஆ என்று முடிவு செய்கிறோம்.

காந்தப்புலம் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வட்டில் வாயு ஏன் உள்ளே இறங்குகிறது என்பதற்கே ரொம்ப காலம் விடை இல்லை. சாதாரண வாயுவின் பிசுபிசுப்பு அதற்குப் போதவே போதாது. 1973இல் ஷகுராவும் சுன்யாயெவும் தெரியாததற்கெல்லாம் ஆல்ஃபா என்று ஒரு எழுத்தை வைத்துவிட்டுக் கணக்கை மேலே நடத்தினார்கள். கெட்டிக்காரத்தனம், இன்றைக்கும் அதையே ஓட்டுகிறோம். ஒரு மெல்லிய காந்தப்புலம் இருந்தாலே இப்படிச் சுழலும் வாயு கொந்தளித்துவிடும், அந்தக் கொந்தளிப்பு சுழற்சியை வெளியே கடத்திவிடும் என்று பால்பஸும் ஹாலியும் காட்டியது 1991இல். ஆனால் அதன் அடிப்படையை 1959இல் வெலிகோவும் 1960இல் நம் சந்திரசேகரும் எழுதி வைத்திருந்தார்கள். கருந்துளையை நினைத்து அல்ல, இரண்டு உருளைகளுக்கு நடுவே சுழலும் திரவத்தை நினைத்து. முப்பது வருடம் அது புத்தகத்திலேயே தூங்கியிருக்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், யார்மேல் என்று தெரியாது.

சரி, வெட்கத்துக்கு வருகிறேன்.

ஒன்றரை வருடமாக ஒரு கேலக்ஸியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கட்டுரை வெளியாகும்வரை பெயரைக் கேட்காதே. தொலைநோக்கியில் ஒன்பது மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டோம், ஆறு கிடைத்தது, அதிலும் ஒன்றரை மணி நேரம் வானத்து ஈரத்தில் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், எந்த நீராவியின் குரலைக் கேட்கப் போகிறோமோ, நம் தலைக்கு மேலே இருக்கும் நீராவியும் அதே அலைநீளத்தில்தான் முணுமுணுக்கிறது. ஆன்டெனாக்களை ஒத்திசைக்க வைத்திருக்கும் கடிகாரமும் ஒரு மேசர்தான், ஹைட்ரஜன் மேசர். மேசரைக் கேட்க மேசர்.

தரவை ஒழுங்கு பண்ணி முடித்ததும் வேகப் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் புரட்டுவேன். ஒவ்வொரு படமும் ஒரு வேகத்துக்கு உரியது, சேனல் என்போம். முதலில் ஒரு ஓரத்தில் சின்னக் கறை, அடுத்ததில் அது கொஞ்சம் மையத்துக்கு நகரும், அடுத்ததில் இன்னும் கொஞ்சம், பிறகு மையத்தைக் கடந்து மறு ஓரத்துக்குப் போய் மங்கிவிடும். வேகமாகப் புரட்டினால் எறும்பு ஊர்வது போல இருக்கும். எங்கள் வெளி வட்டில் எறும்பு கிழக்கிலிருந்து மேற்கே போனது. உள் வட்டில் மேற்கிலிருந்து கிழக்கே!

எதிர்ச் சுழற்சி. என்ஜிசி 1068 என்ற கேலக்ஸியில் ஆல்மா தொலைநோக்கி 2019இல் இதைத்தான் கண்டுபிடித்தது. உள்ளே 2 முதல் 4 ஒளியாண்டு வரை ஒரு திசை, அதற்கு வெளியே 22 ஒளியாண்டு வரை எதிர்த் திசை. எதிரெதிரே ஓடும் வாயு உரசினால் இரண்டும் சுழற்சியை இழந்து சரசரவென்று உள்ளே விழும், கருந்துளைக்கு விருந்து. எங்களுக்கும் அப்படி ஒன்று கிடைத்துவிட்டது என்று இரண்டு மாதம் தரையில் கால் பாவவில்லை. விளக்கம் எழுதினேன். எந்தக் குட்டிக் கேலக்ஸி மோதி அந்த வாயுவைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும் என்றுகூட மூன்று பத்தி எழுதினேன், அவ்வளவு அழகாக வந்தது.

அப்போது என் மாணவி ஒருத்தி, இரண்டாம் வருடம்தான், கதவோரம் நின்றுகொண்டு கேட்டாள்: “மேடம், உள் வட்டுத் தரவு வேற தொலைநோக்கியோடதுதானே? அதுல சேனல்கள் அலைவெண் ஏறுவரிசையில இருக்கு. வெளி வட்டுல வேகம் ஏறுவரிசையில இருக்கு.” அலைவெண் ஏறினால் விலகும் வேகம் இறங்கும். நான் ஒன்றைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். திருப்பிப் போட்டதும் இரண்டு எறும்பும் ஒரே பக்கம் ஊர்ந்தன. சாட்சி உள்ளதைத்தான் சொன்னார், வாக்குமூலத்தை எழுதின குமாஸ்தா நான்தான் மாற்றி எழுதிவிட்டேன்.

நல்ல வேளை, கட்டுரையை அனுப்பவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. கைதட்டியவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதி, நான் சொன்னது தப்பு என்று தெரிவிக்கத்தான் இந்த மூன்று வாரம் போயிற்று. இருவர் ஆறுதலாகப் பதில் போட்டார்கள். ஒருவர் “எனக்கு அப்போதே சந்தேகம்” என்று எழுதினார். அப்போதே சொல்லியிருந்தால் என்னவாம்.

இப்போது மிஞ்சியிருப்பது சாதாரணமான, ஒழுங்காகச் சுழலும் ஒரு வட்டு. கெப்ளர் கோட்டில் உட்காருகிறதா என்று பார்த்தோம், வெளிப்பக்கம் உட்காருகிறது, உட்பக்கம் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது. அழுத்தமா, சாய்வா, இல்லை இன்னொரு எழுத்துப்பிழையா தெரியவில்லை. கட்டுரையில் அவள் பெயர்தான் முதலில் வரப்போகிறது. இந்தத் தடவை முழுத் தரவையும் அவளே முதலிலிருந்து தனியாக ஒழுங்கு பண்ணுகிறாள், என் கோப்புகளைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு எடையும் ஒத்துவந்தால் உனக்கு எழுதுகிறேன்.

நீங்கள் கோர்ட்டில் பிறழ் சாட்சியின் முந்தைய வாக்குமூலத்தை முழுக்கத் தூக்கிப் போட்டுவிடுவீர்களா, இல்லை அதில் நம்பக்கூடிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வீர்களா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை, அந்த உட்பக்கத்துப் புள்ளிகளை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதிலில் எழுது. நாற்காலியில் உட்கார்ந்து எழுது.

அன்புடன்,
வசந்தி