அமெரிக்க செனட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்: முன் அனுமதியைத் திரும்பக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய செனட்டர்களுக்கு,

வணக்கம். ஜார்ஜியாவில் வாழும் வாக்காளன் நான். என் கோரிக்கை ஒன்றுதான். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடிய ஜான் லூயிஸ் பெயரிலான வாக்குரிமை மசோதாவை நிறைவேற்றுங்கள். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் முன் அனுமதி முறைக்கு மறுபடி உயிர் கொடுங்கள்.

என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கறுப்பினப் பெண்மணி, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் நடந்தே போய் வந்த வாக்குச்சாவடியைப் போன தேர்தலில் மூடிவிட்டு, கார் இல்லாமல் போக முடியாத இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான்தான் கூட்டிப்போனேன். வரிசை கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. முட்டி வலியோடு மணிக்கணக்கில் நின்றார். சாவடியிலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவர்களுக்கு வெளியார் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று 2021இல் இந்த மாநிலம் சட்டமே போட்டிருக்கிறது. கடைசியில் கால் தாங்காமல் ஓட்டுப் போடாமலே திரும்பிவிட்டார். வரும் வழியில் சொன்னார்: "எங்கம்மாவைப் பேர் பதியவே விடலை. என்னைப் பதிய விட்டாங்க, நிக்க வச்சே அனுப்பிட்டாங்க."

முன்பெல்லாம் ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் ஒரு சாவடியை இடம் மாற்றுவதென்றாலும் மத்திய நீதித்துறையிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ அனுமதி வாங்க வேண்டும். நிறத்தின் பேரில் யாருக்கும் பாதிப்பில்லை என்று மாநிலம்தான் நிரூபிக்க வேண்டும். இதுதான் முன் அனுமதி முறை. 2013இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், இந்த விதி எந்த மாநிலங்களுக்குப் பொருந்தும் என்று தீர்மானிக்கும் அளவுகோல் பழையதாகிவிட்டது என்று அதை ரத்து செய்தது. அதோடு முன் அனுமதி முறையும் செயலிழந்தது. புதிய அளவுகோலை காங்கிரஸ் வகுக்கலாம் என்றும் சொன்னது. அந்த வேலை உங்களுடையது. 2006இல் இதே சட்டத்தை உங்கள் அவை 98-0 என்று நீட்டித்தது. 2021இல் கீழவை மசோதாவை நிறைவேற்றி அனுப்பியபோதோ, அதை விவாதத்துக்கு எடுக்கவே இங்கே தேவையான 60 ஓட்டு சேரவில்லை.

1965 மார்ச் 7 அன்று அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனபோது, பாலத்தில் போலீஸ் அடியில் ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. மறுநாளே அமெரிக்க மரைன் படை வீரர்கள் வியட்நாமின் டா நாங்கில் இறங்கினார்கள். வியட்நாமுக்குப் படை அனுப்ப முடிந்த ஜனாதிபதி ஜான்சனால் செல்மாவுக்கு ஏன் அனுப்ப முடியவில்லை என்று லூயிஸ் கேட்டார். ஜான்சன் அடுத்த வாரமே காங்கிரஸில் நின்று வாக்குரிமைச் சட்டம் கேட்டார், ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தும் போட்டார். அதே ஆண்டு அவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தால்தான் என்னைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டின் கதவு திறந்தது. அதே ஜான்சன் வளர்த்த போரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் லட்சக்கணக்கான வியட்நாம் மக்களும் செத்தார்கள். அந்தப் போருக்கு வழிவிட்ட தீர்மானத்தை 1964இல் சில நாளிலேயே 88-2 என்று நிறைவேற்றியது உங்கள் அவை. குண்டு போடச் சில நாள் போதும், ஓட்டுப் போடப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்றால் அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த பொதுத் தேர்தலுக்கு முன் மசோதாவை அவையில் வையுங்கள். ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட்டு ஓட்டெடுப்பு நடத்துங்கள். முன் அனுமதி முறையைத் திரும்பக் கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜார்ஜியா வாக்காளன் ஒருவன்