வாடைக்காத்துல காரங்காடு

மாப்ள,

நாலு மாசமா உனக்குப் பதில் போடல, மன்னிச்சுக்க. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு நல்லாருக்காங்க, சின்னவ ஒன்பதாவது போயிட்டா, நம்ம கூட்டாளி சொட்டை மறுபடியும் பைக் மாத்திட்டான். வீட்டு சேதி அவ்ளோதான். இப்ப எழுதுறது காரங்காட்டுல நீ விக்கப் போறேன்னு சொன்ன உன் இடத்தப் பத்தி.

ஞாயித்துக்கிழமை போனேன். அடைமழை விட்டு ரெண்டு நாளுதான் ஆச்சு, தேவிபட்டினம் தாண்டினதும் ஈசிஆர்ல ஆளே இல்ல. உப்பூர்ல டீ குடிக்க நிறுத்துனா, கடக்காரரு இந்த மழைல காரங்காட்டுக்கு யாரு சார் போறான்னு கேக்குறாரு. உன் இடத்து எல்லைக் கல்லு நாலும் இருக்கு, கருவேலம் மூடிக் கெடக்கு. வடக்கு மூலைல நின்ன பனை ரெண்டையும் எவனோ வெட்டிட்டான்டா, நாம நுங்கு தின்ன மரம், அடிக்கட்டைதான் மிச்சம்.

மனசு கேக்காம அப்படியே அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போற படகுத்துறைக்குப் போனேன். மே மாசம் நீ புள்ளைங்களோட வந்து கூட்டத்துல நின்னுட்டு, இதுக்காடா இவ்ளோ தூரம்னு திட்டுனியே, அதே எடந்தான், அன்னைக்கு நான் ஒருத்தன் மட்டும். வாடை அடிக்குது, வெளிய விட மாட்டோம், ஆத்துக்குள்ள மட்டும் போய்ட்டு வரலாம்னாங்க. இந்த மாசத்துல தெக்க ஆண் கடல், அதான் மன்னார் வளைகுடா, அடங்கிக் கெடக்கும், பாக் நீரிணைப் பக்கம் இருக்குற நம்ம பெண் கடல்தான் சீறும், உனக்குத் தெரியாததா. கோட்டக்கரை ஆறு செம்மண்ணு கரைச்ச மாதிரி வருது, முகத்துவாரத்துல அலை வெள்ளையா ஒடையுறது தூரத்துல தெரியுது, ஆனா மரத்துக்குள்ள பூந்ததும் காத்து தலைக்கு மேலதான் ஓடுது, தண்ணி அசையக் காணோம். ஊரு வத்தைப் படகெல்லாம் உள்ள கொண்டாந்து ஒண்ணோட ஒண்ணு கட்டிப் போட்டிருக்காங்க. அலைய ஆத்துறதால அலையாத்தின்னு வச்ச பேருக்கு அர்த்தம் எனக்கு அன்னைக்குத்தான் கண்ணுல தெரிஞ்சுச்சு.

படகு ஓட்டுன அண்ணன் ஒரு கெளைய வளைச்சுப் பிடிச்சு, இலையத் தொட்டு நாக்குல வைங்கன்னாரு. மேல்பக்கம் ஒண்ணுமில்ல, மழை கழுவிட்டுப் போயிருக்கு, அடிப்பக்கம் லேசாக் கரிச்சுச்சு. வேரு வழியா ஏறுற உப்ப இலை வழியா வெளிய தள்ளிருதாம், கோடைல பாத்தா இலைல உப்பு பூத்து நிக்குமாம். சேத்துக்குள்ள காத்து இல்லைன்னு மூச்சு விடுற வேரு பென்சில் நட்டு வச்ச மாதிரி மேல நிக்குது, அதுக்கு நடுவுல குட்டி குட்டி நண்டு. ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன்.

உன் தாத்தா நெனப்புதான் வந்துச்சு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சு போனப்ப உடுத்துன துணியோட வந்த மனுஷன். அங்க கடலுக்கும் வீட்டுக்கும் நடுவுல மணலத் தவிர ஒண்ணும் இல்லடா, அதான் மரம் நிக்கிற கரையாப் பாத்து வாங்குனேன்னு திண்ணைல உக்காந்து சொல்வாரே. நாம அப்ப சிரிச்சுக்கிட்டு ஓடிட்டோம்.

உன் புரோக்கர் சொல்ற பார்ட்டிய விசாரிச்சேன் மாப்ள, இறால் பண்ணைக்குத்தான் கேக்குறாங்க. குளம் வெட்டி உப்புத் தண்ணிய நிறுத்துனா அது கீழ எறங்கத்தான் செய்யும், பக்கத்துல இருக்குற ஊருணி என்னத்துக்கு ஆகும், இப்பவே அங்க பொம்பளைங்க நல்ல தண்ணிக்குக் கொடத்தத் தூக்கிட்டுத்தான் அலையுறாங்க. பண்ணைக் கழிவு எங்க போகும், அந்த ஆத்துக்குத்தான், அந்த வேருக்குத்தான். பதிவு, பர்மிட் எல்லாம் நாங்க பாத்துக்குறோம்னு புரோக்கர் சொல்றது உன் காதுக்கு இனிக்கும், தண்ணி கெட்டா எந்தப் பர்மிட்டாலயும் அதத் திருப்ப முடியாதுடா.

பெரியவ காலேஜ் பீஸுக்குத்தான் விக்கிறேன்னு தெரியும். எவ்ளோ கொறையுதுன்னு வாயத் தொறந்து சொல்லு, தைல என் சீட்டு எடுத்துரலாம், கணக்கு அப்புறம் பாத்துக்கலாம். அட்வான்ஸ் மட்டும் வாங்கிராத. மார்கழிக்குள்ள ஒரு நாலு நாள் லீவு போட்டு தனியா வா, வாடை நிக்கிறதுக்குள்ள, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி.

துறைல நண்டு சூப்பு வச்சுக் குடுத்த அக்கா நான் யாரு என்னன்னு விசாரிச்சாங்க. உன் பேரச் சொன்னேன், தெரியல. உன் தாத்தா பேரச் சொன்னதும் சூப்புக்குக் காசு வாங்கல.