மல்லிகைக்கு நவம்பர் கவாத்து இங்கே ஒத்துவராது

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்நாட்டு வேளாண் குறிப்புகள் மல்லிகையை நவம்பர் கடைசியில் கவாத்து செய்யச் (கிளைகளை வெட்டிவிடச்) சொல்கின்றன. அங்கே அது குளிர் தொடங்கும் நேரம். மொரிஷியஸிலோ கோடையின் வாசல், புயல் பருவமும் கூட. இங்கே ஜூலை, ஆகஸ்டில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுவதே சரி. பூ புதுத் தளிரில்தான் வரும், தயங்க வேண்டாம்.

கொடியை இடம் மாற்றவும் அதுவே காலம். மூன்று வாரம் முன்பே தண்டிலிருந்து முக்கால் அடி தள்ளி, மண்வெட்டியால் வட்டமாக வேரை அறுத்து விடுங்கள். உள்ளே புது வேர் விடும். புதுக் குழியையும் பந்தற்காலையும் முதலில் தயார் செய்யுங்கள். நட்டபின் பந்தற்கால் ஊன்றினால் வேர் குத்துப்படும். மண்ணுருண்டையைச் சாக்கில் இறுக்கிக் கட்டித் தூக்கி, பழைய ஆழத்திலேயே நடுங்கள். தளிர் வரும்வரை உரம் கூடாது.

இடம் மாற்றுவதில் காகிதப்பூதான் வம்பு. அதன் மெல்லிய வேர் மண்ணைப் பிடிக்காது. உருண்டை உதிர்ந்தால் செடி போச்சு. கிழடான கொடியென்றால் பென்சில் தடிமனில் நாலு குச்சி வெட்டி நட்டுக்கொள்வதே மேல்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ரோஸ் ஹில்