பூசத்தை எந்த வாரத்துக்குத் தள்ளுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் நடக்கும் 2027 உலகக் கோப்பை கிரிக்கெட் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், பெரிய போட்டிகள் வரும்போது கோயில் குழுக்கள் ஊர்வலத் தேதியை அனுசரித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி வந்திருக்கிறது. தமிழ்ப் பத்திரிகையில் இதைப் படிக்க நேர்ந்ததுதான் வருத்தம்.

தைப்பூசம் நட்சத்திரம் பார்த்து வருவது. வேலைநாளை உத்தேசித்துச் சில கோயில்கள் ஞாயிற்றுக்கிழமையில் காவடி எடுப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அது விரதம் இருப்பவர்களுக்காகச் செய்வது. கொடி ஏறி, காப்புக் கட்டிய பிறகு யாருக்காகவும் நாளை மாற்ற முடியாது.

நாளாவது போகட்டும், ஊர்வலத்தைத் தெருமுனையில் அரைமணி நிறுத்திவைத்தால் என்ன ஆகும் என்று கட்டுரையாளர் யோசித்தாரா? டர்பனில் ஜனவரி நல்ல வெயில். நாக்கில் அலகு தரித்தவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. செம்பில் பால் திரிந்துவிடும். நனைத்துவிட்ட தார்ச்சாலை மறுபடி காய்ந்து பாதம் கொப்பளிக்கும். முதுகில் கொக்கி மாட்டி ரதம் இழுப்பவர் பாடு இன்னும் மோசம். ரதம் உருண்டுகொண்டே இருந்தால் கயிறு ஒரே விறைப்பில் இருக்கும். நின்று நின்று புறப்பட்டால் ஒவ்வொரு முறையும் முதல் இழுப்பின் பாரம் முழுவதும் தோலில் விழும். அங்கேதான் கிழியும்.

2013இல் ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது ஜனவரி 27 தைப்பூசம். அன்றிரவே டர்பனின் மோசஸ் மபிடா அரங்கில் தென்னாப்பிரிக்காவும் மொராக்கோவும் ஆடின, 2-2. பஞ்சாங்கம் முன்கூட்டியே கணித்து வைப்பது. அதை எடுத்து ஒருமுறை புரட்டிப் பார்க்க ஆட்ட நாள் குறித்தவர்களுக்குக் கை வரவில்லையா?

அதற்கும் முன்னால் டர்பன் வார்விக் சந்திப்பின் காலைச் சந்தை. 1910இல் திறந்தது. 2010 கால்பந்து உலகக் கோப்பை நெருங்குகிறது என்று 2009இல் அதை இடித்து வணிக வளாகம் கட்டக் கிளம்பினார்கள். வாழையிலை, வெற்றிலை, துலுக்கச் சாமந்தி, மாரியம்மன் கூழுக்கு வேண்டிய சாமான் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் சந்தை அது. வெற்றிலையைக் குளிர்பெட்டியில் வைத்து வாரக்கணக்கில் விற்க முடியுமா? கருத்துப்போகும். வியாபாரிகள் தெருவில் இறங்கிப் போராடியதால்தான் சந்தை தன் நூறாவது ஆண்டைப் பார்த்தது. தங்கள் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரி இல்லை.

2027 போட்டி அக்டோபர், நவம்பரில். டர்பனின் கிங்ஸ்மீட் மைதானத்திலும் ஆட்டங்கள் உண்டு. புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமைகள், தீபாவளி, அதையடுத்துக் கந்தசஷ்டி எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் வருகின்றன. அந்த நாட்களை ஆங்கிலத்திலும் சுலு மொழியிலும் அரைப்பக்கம் அச்சிட்டு, தெருக்களை மூடும் திட்டம் முடிவாகும் முன் நகராட்சிக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
காவடித் தொண்டர் ஒருவர்,
டர்பன்