எழுபது வயதில் என்ன தொழில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக்கே வந்து சிகிச்சை தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு எங்கள் வீடு கடன்பட்டிருக்கிறது. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன அப்பாவுக்குப் பிசியோதெரபி செய்ய ஒரு தம்பி வீட்டுக்கே வந்தார். மூன்று மாதத்தில் அப்பா வாசல்வரை நடந்தார். சரி, நடந்தார். ஆனால் வேட்டி கட்ட முடியவில்லை, சோறு பிசைய முடியவில்லை, கக்கூஸில் குத்தவைக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் அம்மாவைக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு சாப்பாட்டையே குறைத்துவிட்டார்.

"ஆக்குபேஷனல் தெரபிக்குக் கூட்டிட்டுப் போங்க அக்கா" என்று சொன்னதும் அந்தத் தம்பிதான். சீட்டில் 'தொழில்வழி சிகிச்சை' என்று இருந்ததைப் பார்த்த பெரியப்பா, "எழுபது வயசுல இனி என்ன தொழிலுக்குப் போகப் போறான்?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பெயர் அப்படி. குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, கோயிலுக்குப் போவது என எல்லாமே அந்தச் சிகிச்சையாளர்கள் கணக்கில் தொழில்தான் என்பது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அங்கிருந்த பெண் முதலில் அப்பாவின் கையைத் தொடவே இல்லை. "காலையில எந்திரிச்சதும் என்னென்ன செய்வீங்க ஐயா?" என்று கேட்டார். அப்பாவுக்கு ஸ்பூன் பிடிக்காது, இடக்கையால் உண்ணவும் மாட்டார். அதற்காக அவரை மாற்றப் பார்க்கவில்லை. விளிம்பு உயர்ந்த தட்டு, அது நகராமலிருக்க அடியில் ஈரத்துணி, குழைய வடித்த சோறு, வலக்கையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கம். வேட்டிக்கு ஒட்டுப்பட்டை. கக்கூஸுக்கு நடுவில் துளை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு கம்பி. எல்லாம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இரண்டு பஸ் மாறிப் போய்வரத்தான் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் என் ஒருநாள் கூலி போனது. ஐந்தாவது தடவையோடு நிறுத்திவிட்டோம்.

நாங்களாவது ஐந்து தடவை போனோம். எங்கள் தெருக்கோடியில் இதே நோய் வந்த ஓர் அம்மாவை ஒருமுறைகூட யாரும் அழைத்துப் போகவில்லை. மருமகள்தான் சமைக்கிறாளே, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டார்கள். தானே காய் நறுக்க முடியாததுதான் அவருக்கு நடக்க முடியாததைவிடப் பெரிய குறை.

பிசியோதெரபி வேறு, இது வேறு. மருத்துவம் சார்ந்த பணியாளர்களுக்காக 2021-இல் வந்த மத்தியச் சட்டமே இரண்டையும் தனித்தனித் துறைகளாகத்தான் பட்டியலிடுகிறது. வீட்டுக்கு வரும் குழுவில் இந்தச் சிகிச்சையாளருக்கும் இடம் வேண்டும். ஒன்றியத்துக்கு ஒருவர், மாதம் ஒருமுறை வந்தால்கூடப் போதும். தட்டு, கம்பி, நாற்காலி எல்லாம் அந்தந்த வீட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியவை. ஆஸ்பத்திரி அறையில் உட்கார்ந்து எங்கள் கக்கூஸ் வாசற்படியின் உயரத்தை அவர் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்தத் திட்டம் பற்றி அடுத்து எழுதும்போது அதிகாரிகளிடம் இதையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவாரூர் மாவட்டம்