ரேடியோ முன்னாடி உட்கார்ந்தவங்கள விட்டுட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல மிஷனரி விமானிகள் பத்தின கட்டுரை படிச்சேன். ஈக்வடார்ல 1956 ஜனவரி 8 அன்னிக்கு அமேசான் காட்டு ஜனங்க ஈட்டியால குத்தி கொன்ன அஞ்சு மிஷனரிங்கள்ல விமானி நேட் செயின்ட் பத்தி நல்லாவே எழுதியிருக்கீங்க. ஆனா அவர் மனைவி மார்ஜுக்கு ஒரே ஒரு வரி, அதுவும் பிள்ளைங்களோட சேர்த்து. நான் ஏர்ஃபோர்ஸ்ல ரேடியோ செக்‌ஷன்ல இருபது வருஷம் குப்பை கொட்டினவன், அதனால எனக்கு பொறுக்கல.

கல்யாணம் ஆன அதே 1948-லயே ரெண்டு பேரும் ஷெல் மேராவுக்கு போயிட்டாங்க. ஷெல் எண்ணெய் கம்பெனி போட்ட கேம்ப் அது, ஆண்டிஸ் மலை முடிஞ்சு அமேசான் காடு ஆரம்பிக்கிற இடம். உள்ள இருக்கற ஊருக்கு நடந்து போனா நாள் கணக்கு, நேட்டோட சின்ன விமானத்துல நிமிஷ கணக்கு. அந்த வருஷ கடைசில தலைநகர் கீட்டோல விமானம் விழுந்து அவருக்கு முதுகெலும்பு உடைஞ்சுது, அப்புறமும் எழுந்து வந்து ஓட்டினாரு. அவர் மேல போனா கீழ ரேடியோல மார்ஜ், எங்க இருக்கீங்க, எப்ப இறங்குவீங்கன்னு கேட்டுகிட்டே, நடுவுல பிள்ளைங்க மூணு, வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் அந்த வீடுதான் விடுதி. இத்தனைக்கும் அவங்க படிச்சது நர்ஸிங்.

வட்டமடிக்கிற விமானத்துல இருந்து நீள கயிறுல வாளி இறக்கற டெக்னிக்க ரெண்டு வரில முடிச்சிட்டீங்க. விமானம் சுத்திகிட்டே இருக்கும், கயிறோட நுனி மட்டும் நடுவுல கிட்டத்தட்ட அசையாம நிக்கும், யோசிச்சு பாருங்க எப்படிப்பட்ட மூளை! 1955 அக்டோபர்ல அந்த காட்டு ஜனங்களுக்கு முதல் பரிசா அலுமினிய கெட்டில் போச்சு, பின்னாடி கீழ இருந்தவங்க அதே கயிறுல உயிரோட ஒரு கிளியவே கட்டி அனுப்பினாங்க.

இன்னொன்னு, அந்த ஜனங்கள 'அவுக்கா'ன்னே எழுதறீங்க. அது பக்கத்து கெச்சுவா மொழிக்காரங்க வெச்ச பேரு, காட்டுமிராண்டின்னு அர்த்தம், அவங்க தங்கள சொல்லிக்கறது வவோரானி. திருத்திடுங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கொலை நடந்த அந்த ஞாயித்துக்கிழமை மதியம், விமானத்த இறக்கியிருந்த குராராய் ஆத்து மணல்ல இருந்து நேட் ரேடியோல பேசறாரு, வவோரானி ஆளுங்க வர்றாங்க, நாலரைக்கு மறுபடி கூப்பிடறேன்னு. நாலரை ஆச்சு, சத்தமில்ல. பின்னாடி எடுத்த நேட்டோட வாட்ச் 3.12-ல நின்னிருந்துச்சு, அதாவது மார்ஜ் ரேடியோகிட்ட காத்திருந்தப்பவே எல்லாம் முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. மறுநாள் காலைல இன்னொரு மிஷன் விமானி ஜானி கீனன் பறந்து போய், விமானத்தோட துணி உறைய மொத்தமா உரிச்சு போட்டிருக்கறத பாத்து சொன்னதும் அந்த ரேடியோலதான். செட்ல இரைச்சல் மட்டும் வர்ற நேரம் எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும், எங்களுக்காவது ஷிஃப்ட் மாத்த ஆள் வரும், அதுவும் நாங்க தேடினது கூட பொறந்தவன இல்ல, கட்டினவன இல்ல.

அப்புறமும் மார்ஜ் ஊருக்கு ஓடல, கீட்டோல மிஷன் விருந்தினர் விடுதி நடத்தினாங்க. நேட்டோட அக்கா ரேச்சல், தம்பிய கொன்னவங்க ஊருக்கே 1958-ல போய் குடியிருந்தாங்க. அதனால வவோரானிக்கு நல்லதும் நடந்துச்சு, கெட்டதும் நடந்துச்சு, ஒரே இடத்துல நெருக்கி குடியேத்தினதுல போலியோ பரவுனது வரைக்கும். அதையும் மறைக்காம எழுதற கட்டுரை ஒண்ணு போடுங்க.

அப்படி போட்டா அட்டைல விமானம் வேண்டாம், மார்ஜ் ரேடியோ முன்னாடி உட்கார்ந்திருக்கற படம் எங்கயாவது கிடைக்குதான்னு தேடி பாருங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோ டெக்னீஷியன், தாம்பரம்