வர்ணமேறிய வெள்ளிக்கு யார் தரமிடுவது

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள குமரன்,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் பரீட்சைப் பெறுபேறு நல்லபடியாக வந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நாங்களும் சுகமாக இருக்கிறோம்.

நீ படமெடுத்து அனுப்பிய 1957ஆம் ஆண்டின் புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் நாணயத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதில் ஏறியிருக்கும் நிறம் இயற்கையானதா, தரமிட வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். விளிம்பில் நீலம், அதற்குள்ளே ஊதா கலந்த சிவப்பு, நடுவை நெருங்க நெருங்க வைக்கோல் மஞ்சள் என்று நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. அந்த நாணயம் 92.5 சதவீத வெள்ளி. காற்றிலும் பழைய அல்பத் தாளிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகப் படிய, மழை நாளில் காலி வீதித் தண்ணீரில் சிந்திய பெற்றோல் போல அந்தப் படலமே ஒளியைப் பிரித்து நிறம் காட்டுகிறது. படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள், சிவப்பு, நீலம் என்ற வரிசையில்தான் நிறம் மாறும். உன்னுடையதில் அந்த வரிசை குலையவில்லை என்பதே எனக்குப் பிடித்த அடையாளம். சூடேற்றியோ கந்தக மருந்து பூசியோ அவசரமாக நிறமேற்றியவற்றில் பெரும்பாலும் மஞ்சளின் சுவடே இல்லாமல் நீலம் திட்டாக நிற்கும்.

நாணயங்களுக்குத் தரமிடும் நிறுவனங்களான, அமெரிக்காவில் 1986இல் தொழிலைத் தொடங்கிய பிசிஜிஎஸ், மறு ஆண்டு வந்த என்ஜிசி ஆகிய இரண்டுமே நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரையான எண்ணால் குறிக்கும் ஷெல்டன் அளவுகோலில் தரமிட்டு, நாணயத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டுத் தருகின்றன. நிறத்தில் ஐயம் வந்தால், நாணயம் அசல் என்று ஒப்புக்கொண்டும் எண்ணைத் தர மறுத்துவிடும். இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இயற்கையாகப் படிந்ததும் வெள்ளி சல்பைட்டுதான், செயற்கையாகப் பூசியதும் பெரும்பாலும் அதேதான். ஆகவே அங்கே நடப்பது இரசாயனப் பரிசோதனையல்ல, சந்தை இந்த நிறத்தை ஏற்குமா என்று பழகிய கண்கள் சொல்லும் அபிப்பிராயம். ஒருமுறை மறுக்கப்பட்ட நாணயம் மறுமுறை அனுப்பும்போது எண் பெற்று வருவதும் உண்டு.

துணிப்பைகளில் ஆயிரம் ஆயிரமாகக் கட்டி நிலவறையில் நெடுங்காலம் கிடந்த, மோர்கன் டாலர் எனப்படும் பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்களுள் சிலவற்றில் பையின் நெசவுத் தடமே நிறமாகப் பதிந்திருக்கும். அவற்றுக்கு வானவில் நிறத்துக்காகவே பன்மடங்கு விலை கொடுப்பவர்கள் இருப்பதால்தான் போலிகளும் பெருகின. நம்முடைய இலங்கை நாணயங்களுக்கு அப்படியொரு போட்டி இல்லை. தபாற் செலவும் காப்புறுதியும் தரக்கட்டணமும் சேர்ந்தால் நாணயத்தின் விலையையே தாண்டிவிடக்கூடும். விற்கும் எண்ணம் உனக்கு இல்லாதபோது அனுப்புவது வீண் என்பதே என் அபிப்பிராயம்.

செட்டியார் தெரு நகைக்கடையில் கொடுத்து மினுக்கி எடுக்கலாம் என்ற உன் மைத்துனரின் யோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதே. (அவருக்கு வெள்ளி என்றால் குத்துவிளக்கு ஞாபகம்தான்.) அமிலமும் தயோயூரியாவும் கலந்த கழுவுநீர் படலத்தோடு உலோகத்தின் மேற்பரப்பையும் கொஞ்சம் கரைத்துவிடும், போன பளபளப்பு திரும்பாது, தரமிடுவோரும் கழுவப்பட்டது என்று எழுதிவிடுவார்கள். பிவிசி என்ற மென்பிளாஸ்டிக் உறையிலிருந்தால் இன்றே எடுத்துவிடு, அது பச்சையாகக் கசிந்து உலோகத்தை அரிக்கும். மைலார் என்ற பொலியெஸ்டர் உறையில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடு.

தைப்பொங்கலுக்கு வரும்போது நாணயத்தையும் கொண்டு வா. எழுத்துகளின் ஓரத்தில் நிறம் எப்படி நிற்கிறது என்பதை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். படத்தில் அது சரியாகத் தெரியவில்லை.

அன்புடன்,
ரவி